ரயிலு போயிருச்சா?

போன வாரம் பாண்டி போன் செய்தான். அவனும் நானும் ஒரே நாளில் கேங்மேனாக வேலைக்குச் சேர்ந்து, தண்டவாளத்தில் ஜல்லி அள்ளிக்கொட்டி, பிறகு ஆளுக்கொரு ரயில்வே கேட்டுக்குக் கேட்கீப்பராகப் போனவர்கள். நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அவன் இன்னும் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறான்.

"ஏலே குருசாமி, குறட்டைக்கு மிஷினு நல்லதா, பல்லுல மாட்டுற செட்டு நல்லதா, இல்லை ஆபரேசன் பண்ணிறலாமா? டாக்டருக்குத் தெரியாம எதைப் பண்ணலாம்?" என்றான். இவ்வளவையும் ஒரே மூச்சில் கேட்டான். இவ்வளவு மூச்சு இருக்கிறவனுக்கு மூச்சுக் கோளாறா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"டாக்டருக்குத் தெரியாம ஆபரேசனை எங்கலே பண்ணுவே? சலூன்லயா?"

அவன் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அவனுக்கு மருத்துவப் பரிசோதனை. அதற்குரிய பாரத்தில் 'பகலில் தூக்கம் வருகிறதா' என்று ஒரு கேள்வி இருக்கிறதாம். ஆமாம் என்று எழுதினால் கேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். ஒரு வாரமாக யோசிக்கிறேன். யோசித்ததை எழுதினால் தெளிவு வரும் என்று என் வீட்டுக்காரி முத்துலட்சுமி சொன்னாள். எழுதிக்கொண்டிருக்கிறேன். தெளிவு இன்னும் வரவில்லை. ரயிலைப் போல அதுவும் தாமதமாக வரலாம்.

என் கேட் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் இருந்தது. சுற்றிலும் கருவேலங்காடு, கரிசல், தூரத்தில் ஒரு பருத்திக் கொல்லை. எங்கள் பாதையில் ரயில்கள் குறைவு. ஆளில்லாத இடத்தில் அடிக்கடி வராத ரயிலுக்காக ஒருவன் முழித்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கேட்க லேசாக இருக்கும். பயிற்சியில் மூன்றே விஷயம்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டை எப்படி மூடுவது, கொடியை எப்படிப் பிடிப்பது, போனில் எப்படிப் பேசுவது. முதல் இரண்டையும் ஒரு நாளில் கற்றேன். மூன்றாவதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பொன்மணி மேடம் தேவைப்பட்டார்.

மேடம்தான் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் புறப்படுவதற்கு முன்னால் கேட்டுக்குப் போன் வரும். கைப்பிடியைச் சுற்றிப் பேசுகிற பழைய போன். வண்டி எண்ணையும் நேரத்தையும் அவர் சொல்வார். நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு கேட்டை இறக்கிப் பூட்டிவிட்டு வந்து, 'பிரைவேட் நம்பர்' ஒன்றைச் சொல்ல வேண்டும். வரிசை இல்லாமல் இரண்டு இலக்க எண்கள் அச்சடித்த தாள் எங்களிடம் இருக்கும். அடுத்த எண் எதுவோ அதைச் சொல்லி, தாளில் அடித்துவிட வேண்டும். அந்த எண்ணைச் சொன்னால் கேட் மூடியிருக்கிறது என்று சத்தியம் பண்ணியதற்குச் சமம். அதை நம்பித்தான் அவர் வண்டியை விடுவார்.

எனக்கோ எதையும் நேராகச் சொல்ல வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், "நாப்பத்தாறு மேடம், எங்க மாமனாரு இடுப்புச் சுத்தளவு" என்றேன்.

"திரும்பச் சொல்லுங்க."

"நாப்பத்தாறு மேடம், போன மாசம் வரைக்கும் நாப்பத்திநாலுதான் இருந்துச்சு."

"திரும்பச் சொல்லுங்க."

குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. "நாப்பத்தாறு" என்று வெறுமனே சொல்கிறவரை அந்த இரண்டு வார்த்தைகளும் வந்துகொண்டே இருந்தன. பன்னிரண்டு வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். ஒரு தடவைகூட அவர் என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று தோன்றும்.

போனில் அடங்கியது, கேட்டில் பீறிட்டுக்கொண்டு வரும். மூடிய கேட்டுக்கு முன்னால் நிற்கிறவர்களிடம் வாயைக் கொடுக்காமல் இருக்க என்னால் முடியாது. "எப்பண்ணே திறப்பீக?" என்று கேட்டால், "கல்யாணத் தேதி குறிச்சிட்டுச் சொல்றேன்" என்பேன். "ரயிலு எங்க வருது?" என்றால், "தண்டவாளத்துலதான்" என்பேன். எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து வருகிற ஷேர் ஆட்டோக்காரர்களுக்கும், பாளையம்பட்டித் தறிகளுக்கு நூல் மூட்டை கொண்டுபோகிற வண்டிக்காரர்களுக்கும் என்னைத் தெரியும். கேட் மூடியிருந்தால் எரிச்சல்படாமல், இன்றைக்கு என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருப்பார்கள். எனக்கு அதில் பெருமை. அந்தப் பெருமை ஒரு நாள் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்குத் தெரியாது.

நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு உடம்பு பெருத்தது. கழுத்தும் தலையும் ஒரே சுற்றளவுக்கு வந்தன. குறட்டையைப் பற்றி நான் சொல்லக் கூடாது, நான் கேட்டதில்லை. கேட்டவள் முத்துலட்சுமி. "நீங்க குறட்டை விட்டாக்கூட நான் தூங்கிருவேங்க. அது திடீர்னு நிக்கும் பாருங்க, அப்பத்தான் எனக்கு முழிப்பு வரும். மூச்சைக் காணோமேன்னு உலுக்குவேன்" என்பாள். நான் அதையும் ஜோக்காக்கினேன். "ரயிலு நின்னாத்தான் பாசஞ்சர் முழிப்பான்" என்றேன். காலையில் எழுந்தால் தலை கனக்கும். எட்டு மணி நேரம் படுத்தவனுக்கு எட்டு மணி நேரம் ஜல்லி அள்ளியது போல அலுப்பு. நாற்காலியில் உட்கார்ந்தால் தலை தொங்கும். வெயில் என்றேன். கறிச்சோறு என்றேன். வயசு என்றேன். டாக்டரிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் கேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். பாண்டியின் பயம் எனக்குப் புதிதல்ல.

ஒரு சித்திரை மாதம். பகல் இரண்டரை மணி.

பாம் பாம் என்று ஹாரன் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். கேட் அறையில் நாற்காலியில் இருக்கிறேன். வெளியே கேட் மூடியிருக்கிறது. இரண்டு பக்கமும் வண்டிகள். நான் எப்போது மூடினேன்?

ரிஜிஸ்டரைப் பார்த்தேன். என் கையெழுத்து. வண்டி எண் எழுதியிருக்கிறது. போன் வந்த நேரம் இரண்டு ஐந்து என்று எழுதியிருக்கிறது. பிரைவேட் நம்பர் எழுபத்து மூன்று. தாளிலும் எழுபத்து மூன்றை அழகாக அடித்திருக்கிறேன். எல்லாம் நான் செய்தது. எதுவுமே எனக்கு ஞாபகமில்லை. என்னைப் போலவே எழுதத் தெரிந்த ஒருவன் வந்து என் வேலையைப் பார்த்துவிட்டுப் போனது போல இருந்தது. அவன் ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தான். ரயில் கடந்த நேரம்.

அந்தக் கட்டம் ஏன் காலி? ரயில் இன்னும் வரவில்லை என்று இருக்கலாம். ரயில் போயிருக்கும், நான் கொடி காட்டாமல் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன் என்றும் இருக்கலாம். வழக்கமாகப் போன் வந்து பதினைந்து நிமிஷத்தில் வண்டி கடந்துவிடும். இருபத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது. கணக்குப் பார்த்தால் போயிருக்க வேண்டும். கேட்டைத் தூக்கும் சக்கரத்தின் கைப்பிடியில் கையை வைத்தேன். எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். வெளியே ஹாரன். மறுபடி எடுத்தேன்.

கேட்டுவிடலாம் என்று வெளியே வந்தேன்.

"ஏம்ப்பா, ரயிலு போயிருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"போயிருச்சுண்ணே, உங்களைத்தான் விட்டுட்டுப் போயிருச்சு" என்றான் பைக்கில் நூல் மூட்டை வைத்திருந்தவன்.

"நெசமாத்தான் கேக்கேன். போயிருச்சா?"

"நெசமாத்தான் சொல்றோம். ரெண்டு போச்சு, ஒண்ணு திரும்பி வந்துச்சு" என்றார் ஷேர் ஆட்டோ டிரைவர். ஆட்டோவுக்குள் இருந்த பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது ஒரு லோடு ஆட்டோ. அதன் டிரைவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கினேன். "என்னாண்ணே, திறந்தாச்சா?" என்று வண்டியை ஸ்டார்ட் செய்தான்.

பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும். எனக்குக் கோமாளித்தனம் வரும். தண்டவாளத்தில் காதை வைத்தால் அதிர்வு தெரியும் என்று எப்போதோ யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. குப்புற விழுந்து வலது காதை இரும்பில் வைத்தேன். சித்திரை வெயிலில் இரண்டரை மணிக்கு. தோசைக்கல்லில் வைத்தது போலச் சுரீரென்றது. "ஆத்தீ!" என்று துள்ளி எழுந்தேன். இரண்டு பக்கமும் கைதட்டல். அந்தக் கேட்டில் நான் நடத்திய நிகழ்ச்சிகளில் அதற்குத்தான் அதிகக் கைதட்டல்.

மிச்சமிருந்தது போன். மேடத்திடம் கேட்டால் சொல்வார். ஆனால் கேட்டால் நான் தூங்கினேன் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் வேலை போகும். கேட்காமல் திறந்தால் என்ன போகும் என்று அந்த ஷேர் ஆட்டோவைப் பார்த்தேன். உள்ளே ஏழு பேர் இருந்தார்கள். ஒரு பெண்ணின் மடியில் கைப்பிள்ளை. அது மட்டும்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

உள்ளே போய்ப் போனைச் சுற்றினேன்.

"மேடம், நான் தூங்கிட்டேன். வண்டி போயிருச்சா இல்லையான்னு தெரியலை."

"திரும்பச் சொல்லுங்க."

"நான் டூட்டியில தூங்கிட்டேன் மேடம். வண்டி போயிருச்சான்னு எனக்குத் தெரியலை."

"கேட்டைத் திறக்காதீங்க. திரும்பச் சொல்லுங்க."

"கேட்டைத் திறக்க மாட்டேன்."

"அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டி இன்னும் போய்ச் சேரலை. நடுவுல பாதை வேலை, மெதுவாத்தான் வரும்னு நான் சொன்னேன். நீங்க திருப்பிச் சொன்னீங்க. 'மெதுவாத்தான் வரும்'னு சொன்னீங்க குருசாமி."

அதைக் கேட்டதும்தான் எனக்கு விஷயம் உறைத்தது. திருப்பிச் சொல்கிறவன் முழித்திருக்கிறான் என்பதை நம்பித்தான் அந்த வேலையே நடக்கிறது. நான் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். வாய் டூட்டி பார்த்திருக்கிறது, ஆள் தூங்கியிருக்கிறான்.

கொடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். "என்னாண்ணே, போயிருச்சாமா?" என்று யாரோ கேட்டார்கள். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கைந்து நிமிஷம் இருக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் கேட்டது. கருவேல மரங்களுக்கு மேலே எஞ்சினின் தலை தெரிந்தது. மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் அது ரயில். தரை அதிர எனக்கு முன்னால் கடந்து போனது. நான் பச்சைக் கொடியைப் பிடித்திருந்தேன்.

கடைசிப் பெட்டி போன பிறகு யாரும் சிரிக்கவில்லை. கைப்பிள்ளைக்காரி ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, "ஏண்ணே, நெசமாவே தெரியாமத்தான் கேட்டீகளா?" என்றாள்.

என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு நான் ஜோக் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டியது அன்றைக்குத்தான்.

மேடம் நடந்ததை நடந்தபடி எழுதி மேலே அனுப்பினார். நான் தூங்கினேன் என்றும் எழுதினார், நானாகவே போன் செய்து சொன்னேன் என்றும் எழுதினார். ஒரு வரி கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. என்னைக் கேட்டிலிருந்து எடுத்து ஸ்டேஷனில் எடுபிடி வேலைக்குப் போட்டார்கள். விசாரணை நடந்தது. நோய் என்று தெரிந்ததால் வேலை தப்பித்தது. அதைக் கண்டுபிடித்தது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. உடம்பெல்லாம் வயரை ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். மறுநாள் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "தூங்கும்போது ஒரு மணி நேரத்துக்கு முப்பத்தெட்டு தடவை உங்களுக்கு மூச்சு தடைபடுது. தொண்டைச் சதை தளர்ந்து பாதையை அடைச்சிருது. ஒவ்வொரு தடவையும் மூளை உங்களைத் தட்டி எழுப்புது. அதான் பகல்ல தூங்குறீங்க. விட்டா பிரஷர், இருதயம் எல்லாம் கெடும்" என்றார்.

பக்கத்தில் இருந்த முத்துலட்சுமி, "முப்பத்தெட்டுதானா? நான் எண்ணுனது இன்னும் கூட வந்துச்சே" என்றாள்.

பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது. நோய் ஒன்று, வைத்தியம் நாலு. கேட் ரிஜிஸ்டர் போல ஒரு நோட்டில் கோடு போட்டேன். ஒரு பக்கம் நல்லது, மறுபக்கம் கெட்டது.

மிஷின். மூக்கில் மாஸ்க் மாட்டி, குழாய் வழியாகக் காற்றை அழுத்தி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். நல்லது: போட்ட மறுநாளே தலை லேசாகும் என்றார்கள். கெட்டது: தினமும் போட வேண்டும், ஆயுசுக்கும். வாய் உலரும், மூக்கு அடைக்கும், கரண்ட் போனால் அதுவும் போகும்.

பல் செட். கீழ்த் தாடையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நல்லது: கரண்ட் வேண்டாம், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். கெட்டது: தாடை வலிக்கும், எச்சில் ஒழுகும், காலையில் காராச்சேவைக் கடிக்க முடியாது. லேசான நோய்க்குத்தான் நன்றாகக் கேட்குமாம். என் நோய் என்னைப் போலவே கனம்.

ஆபரேசன். தொண்டையில் தொங்குகிற சதையை வெட்டிச் சரிசெய்வது. நல்லது: நோய் கேட்டால் ஒரே தடவையில் முடிந்தது. கெட்டது: கேட்குமா என்பது அவரவர் தொண்டையைப் பொறுத்தது, சில பேருக்குக் கொஞ்ச வருஷத்தில் திரும்பி வரும். இரண்டு வாரத்துக்கு எச்சில் விழுங்கினாலும் உயிர் போகும்.

எடை குறைப்பது. எல்லா டாக்டரும் ஒரே குரலில் சொன்னது இதை மட்டும்தான். நல்லது: எல்லாம். கெட்டது: எண்ணெய்ப் பரோட்டா. தவிர, அது இறங்குவதற்கு மாதக் கணக்கில் ஆகும். அதுவரை ரயில் நிற்காது.

இது போதாதென்று பாண்டி ஒரு யோசனை சொன்னான். மல்லாந்து படுத்தால்தான் அடைக்குமாம். பனியன் முதுகில் ரப்பர் பந்தைத் தைத்துக்கொண்டால் மல்லாக்க முடியாதாம். தைத்தேன். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு குறட்டை விட்டதாக முத்துலட்சுமி சொன்னாள். முதுகில் பந்து அச்சு இருந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். "எதுலயும் நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு சார். எதை எடுக்கட்டும்?" என்றேன். அவர் நோட்டை முழுசாகப் படித்தார். காராச்சேவுக்குச் சிரித்தார். பிறகு, "என்ன வேலைன்னு சொன்னீங்க?" என்றார்.

"ரயில்வே கேட்டு."

நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "அப்ப மிஷின். இன்னைக்கே. எடையையும் குறைங்க. மத்த சந்தேகத்தையெல்லாம் ரிட்டயர் ஆனப்புறம் வச்சுக்கலாம்."

மிஷின் வீட்டுக்கு வந்தது. மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். "பிள்ளையாரப்பா" என்று முத்துலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாஸ்க்கின் பட்டை சரியாக வலது காதில், தண்டவாளத்தில் வெந்த இடத்தில் போய் உரசியது. எங்கள் ஊர் உப்புத் தண்ணீரை அதில் ஊற்றக் கூடாது. காய்ச்சி வடித்த தண்ணீருக்கு அலைந்தேன். கரிசல் புழுதியில் காற்று வடிகட்டி வாராவாரம் கறுத்தது. ஆனால் மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன், தூக்கம் வரவில்லை. பகல் இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எனக்கு நல்லது முத்துலட்சுமிக்குக் கெட்டதாகப் போனது. குறட்டை நின்றால் முழித்துப் பழகியவள். இப்போது விடிய விடியக் குறட்டையே இல்லை. அவளுக்குத் தூக்கம் போயிற்று. மாஸ்க்கின் ஓட்டைக்கு முன்னால் கையை நீட்டி, காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம். பழக ஆறு மாதம் ஆயிற்று. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் நோட்டில் நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன்.

மிஷினுக்குள் ஒரு கார்டு இருக்கும். எத்தனை மணி நேரம் போட்டோம் என்று அதில் பதிவாகும். அதைக் காட்டினால்தான் மறுபடி கேட். ஒரு வாரம் ஜலதோஷம், மாஸ்க்கை மாட்ட முடியவில்லை. மாஸ்க்கைத் தலையணைக்கு மாட்டி மிஷினை ஓடவிட்டேன். டாக்டர் கார்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு வாரம் காத்து பூரா லீக். யாருக்கு மாட்டி விட்டீங்க?" என்றார்.

"தலையணைக்கு சார்."

"அதுக்கு மூச்சு நிக்கலை. சந்தோஷம். கேட்டுக்கு அதை அனுப்பிரலாமா?"

அதன் பிறகு ஏமாற்றவில்லை. நான்கு மாதம் கழித்து என்னைக் கேட்டுக்கு அனுப்பினார்கள். மேடத்தின் முதல் போன். வண்டி எண், நேரம். திருப்பிச் சொன்னேன். கேட்டை மூடிவிட்டு வந்து, "இருபத்தொண்ணு" என்றேன். "சரி" என்றார். போனை வைக்கவில்லை. "நல்லாத் தூங்குறீங்களா?" என்றார்.

"தூங்குறேன் மேடம். வீட்டுல."

அன்றைக்கு மட்டும் அவர் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்துக் கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போட்டார்கள். வேறு ஊருக்கு மாற்றல் தந்தார்கள். நான் விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். டாக்டர் தள்ளிவைத்த சந்தேகமெல்லாம் அன்றே திரும்பி வந்தது. இப்போது எனக்காக எந்த ரயிலும் இல்லை. பன்னிரண்டு கிலோ குறைத்திருக்கிறேன். இனிப் பல் செட் போதுமா? மிஷினை விட்டுவிடலாமா? மறுபடி டெஸ்ட் எடுத்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். விடவே கூடாது என்கிறாள், தூக்கத்தில் கையை நீட்டிப் பழகியவள். நோட்டில் இரண்டு பக்கமும் நிறைந்து மூன்றாவது பக்கம் ஆரம்பித்துவிட்டேன்.

இதுவரை எழுதிவிட்டு இன்று காலை பாண்டிக்குப் போன் போட்டேன். டூட்டி முடிந்து வீட்டில் இருந்தான்.

"பாரத்துல என்ன எழுதப்போறே?"

"லேசா அசதி இருக்குன்னு..."

"திரும்பச் சொல்லு."

"எப்பவாச்சும் கண்ணு சொக்கும்னு எழுதலாம்னு..."

"திரும்பச் சொல்லு."

அவன் வீட்டு மிக்சி ஓடி நிற்பது கேட்டது.

"கேட்டுல தூங்கிர்றேன்லே" என்றான். "ரெண்டு தடவை ஆயிருச்சு."

"அதை எழுது. எழுதுற வரைக்கும் காத்திருக்காத, இன்னைக்கே ஸ்டேஷன் மாஸ்டருகிட்டச் சொல்லு."

"கேட்ட விட்டு எடுத்துட்டாகன்னா?"

"எடுப்பாக. என்னையும் எடுத்தாக."

பிறகு, "சரி, சொல்றேன்" என்றான். "இப்பவாச்சும் சொல்லு. மிஷினா, பல் செட்டா, ஆபரேசனா? எது நல்லதுலே?"

நோட்டைப் புரட்டினேன். மூன்று பக்கத்தையும் பார்த்தேன்.

"தெரியலைலே."

"திரும்பச் சொல்லு" என்றான் பாண்டி.

ஜோக் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"எனக்குத் தெரியலை" என்றேன்.